மீராசா கரையேறிய நாலு நிமிஷம்

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மீராசா கத்தினார்.

“இன்னொரு தடவையா மாஸ்டர்? இப்படியே ஊறுனா சாயந்தரத்துக்குள்ள என்னையக் கருவாடு போட்டுற வேண்டியதுதான்!”

கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அருளப்பன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஈர மணலில் மண்டியிட்டு, கேமராவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோலக் கையால் சாவி கொடுக்கிற சின்னக் கேமரா அது. ஒரு முறை கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். அப்புறம் கர்ரென்று நின்றுவிடும்.

“தோணியில இருந்து குதிக்கணும். மூட்டையத் தோள்ல வைக்கணும். நேரா நடந்து வரணும். கேமராவப் பாக்கக் கூடாது. எனக்குப் பின்னால ஒங்க வீட்டம்மா நிக்கிறாகன்னு நெனச்சுக்கங்க.”

“அவ எங்கிட்டு மாஸ்டர் கடக்கரைக்கு வருவா? கதவிடுக்குலதான நிப்பா?”

“அப்ப எனக்குப் பின்னால ஒரு கதவு இருக்குன்னு நெனைங்க.”

மீராசா ஒரு கணம் யோசித்தார். அப்புறம் சரியென்று தலையாட்டிவிட்டுத் தோணியில் ஏறிக்கொண்டார்.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர். மீராசா அந்த ஊர்ச் சரக்குத் தோணிக்காரர். தை மாதமாக இருக்க வேண்டும். கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது. செருப்புக்குள் புகுந்த மணலின் சூடும், தோணிக்குப் பூசியிருந்த மீனெண்ணெயின் வாடையும் இதை எழுதும்போது வருகின்றன. தேதி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மூன்று தடவை குதிக்க வைத்தார் மாஸ்டர். மூன்றாவது தடவைதான் திருப்தி.

காரங்காட்டுக்காரர்

ராமநாதபுரத்தில் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருநாள் வந்து நின்றவர்தான் அருளப்பன் மாஸ்டர். காலையில் பிரார்த்தனைப் பாட்டை நான்தான் பாடுவேன். பாட்டு முடியும்வரை கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முடிந்ததும் நேரே உள்ளே வந்து, “டீச்சர், ஒங்க குரல்ல ஒரு சின்னக் கீறல் இருக்கு. அத மறைக்கப் பாக்குறீக. மறைக்காதீக” என்றார். பேர் சொல்லவில்லை, வணக்கம் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தலைமையாசிரியையிடம் போய்ப் புகாரே சொன்னேன்.

அவர் காரங்காட்டுக்காரர். அவருடைய அப்பா மீன் பிடித்தவர். அங்கே கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஹார்மோனியம் பழகி, இருபது வயதில் மதராசுக்கு ரயிலேறியிருக்கிறார். சினிமாவில் பின்னணி இசை சேர்க்கிற இடத்தில் பல வருஷம் உதவியாளர். படத்தைச் சத்தமில்லாமல் திரையில் ஓட விடுவார்களாம். கதாநாயகி ஜன்னலைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வயலின் எழும்ப வேண்டும். அதை எண்ணி எண்ணி எழுதிக் கொடுப்பது இவர் வேலை. படத்தில் பேர் வருவது வேறொருவருக்கு.

“எண்ணிக்கிட்டே இருந்தேன் டீச்சர். ஒருநா, யாரோ எடுத்த படத்துக்கு எதுக்கு எண்ணணும், நாமளே எடுத்து நாமளே எண்ணுவோம்னு தோணுச்சு” என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அதற்காகத்தான் பழைய கேமரா ஒன்றோடு ஊர் திரும்பியிருந்தார். அவர் நினைத்தது இதுதான். மேடையில் நடிகர்கள் நடிப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில், கடல் படமாக ஓடும். மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போன புருஷனுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் கதை. நாடகத்துக்கு மூன்று பெயர் வைத்து மூன்றையும் மாஸ்டரே அடித்துவிட்டார். ஊருக்குள் ‘படம் காட்டுற நாடகம்’ என்றே பேராகிவிட்டது.

கமுதியில் ஒரு பேச்சுவார்த்தை

காத்திருக்கும் பெண் நான்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது என் அய்யா மிளகாய் வற்றலை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வாத்தியார் வேலைக்குத்தான அனுப்புனேன். கூத்தாடவா அனுப்புனேன்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரே பஸ் பிடித்து வந்துவிட்டார். மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துபோய் அய்யா எதிரில் உட்கார்ந்தார். அய்யா கேட்டது ஒரே கேள்வி. “நூறு ஆம்பளைக எம்மக மொகத்தப் பாத்துக்கிட்டிருப்பான். அதுக்கு என்ன சொல்றீக?”

“பாதி நாடகம் அவுக முதுகத்தான் பாப்பாக அய்யா. கடலப் பாத்து நிக்கிற வேஷம். மொகத்தக் காட்டுனா எனக்கே ஆகாது.”

அய்யா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவே சம்மதமாகிவிட்டது.

தண்ணீரில் ஒரு தாளம், மணலில் ஒரு தாளம்

மீராசாவை எடுத்த பிலிம் மதராசுக்குப் போய்க் கழுவி வந்து சேர இரண்டு மாதம் ஆனது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, விடுமுறை நாள் பகலில் போட்டுப் பார்த்தோம்.

தூரத்தில் ஒரு பாய் தெரிகிறது. தோணி நெருங்குகிறது. பாய் இறங்குகிறது. ஒரு மனிதர் குதிக்கிறார். தோளில் மூட்டையோடு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறார். வர வர முகம் பெரிதாகிறது. யாரையோ கண்டுகொண்டவர்போலச் சிரிக்கிறார்.

துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது, எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம். சத்தம் கிடையாது.

மாஸ்டர் அதை ஐம்பது தடவையாவது ஓட்டியிருப்பார். மீராசாவின் ஒவ்வொரு அடியையும் எண்ணினார். “தண்ணிக்குள்ள காலு இழுக்குது பாருங்க. தாளமும் இழுக்கணும். மணலுக்கு வந்ததும் காலு லேசாயிருது. அங்கனதான் கிளாரினெட்டு எந்திரிக்கணும்.” ஃபிடில், கிளாரினெட், தபலா, அவருடைய ஹார்மோனியம். நாலே வாத்தியம். கரண்டு குறைந்தால் படம் மெதுவாகும். மீராசாவும் மெதுவாக நடப்பார். வாத்தியக்காரர்களும் கூடவே மெதுவாக வேண்டும். அந்த மனிதருடைய நடையை நாங்கள் எல்லோருமே மனப்பாடம் செய்துவிட்டோம். நான் கரும்பலகையில் எழுதும்போதுகூடக் கால் அந்தத் தாளத்தைத் தட்டும்.

கொழும்பிலிருந்து வந்த செய்தி

நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. சரக்கோடு கொழும்புக்குப் போன இடத்தில் மீராசாவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மவுத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். தோணி அவர் இல்லாமல் திரும்பி வந்தது. வீட்டார் யாரும் முகம் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மீராசாவின் வாப்பா மாஸ்டரைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒத்திகைக்காக நாங்கள் கூடியிருந்தோம். உயரமான மனிதர், வெள்ளைத் தாடி. கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை.

“எம்மகன வச்சுப் படம் புடிச்சிருக்கீகளாம்.”

“ஆமா வாப்பா.”

“அடக்கம் பண்ணுன புள்ள. அவன மறுபடி ஊருக்கு முன்னால நடக்க விடாதீக. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் மாஸ்டர் பதிலுக்குப் பேசியிருப்பார். அவர் கேட்டுக்கொண்டு அல்லவா போனார்.

மாஸ்டருக்கு அது இடி. அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் மற்ற இரண்டு மணி நேர நாடகமே. அதோடு, மதராஸ் படக் கம்பெனி முதலாளி ஒருவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருவதாகவும், போகிற வழியில் நாடகம் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் மாஸ்டர் கையில் ஒரு படத்தைக் கொடுப்பதாகப் பேச்சு. அதற்காகவே அவர் எத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“டீச்சர், மீராசா சம்சாரத்த நீங்க போய்ப் பாக்கணும். அந்தப் பொண்ணு சரின்னு சொன்னா வாப்பா மனசு எளகும்.”

பாத்துமுத்துவின் கேள்வி

கணவன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. மாஸ்டர் போக முடியாது. அதனால்தான் நான்.

போகும்போது பஸ்ஸில் நான் எனக்குள்ளே பேசிப் பார்த்துக்கொண்ட பேச்சையெல்லாம் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கலை என்றேன், அவருக்கு ஞாபகார்த்தம் என்றேன், இன்னும் என்னென்னவோ.

உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள் பாத்துமுத்து. என் வயதுதான். மூக்கும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். நான் பேசியதை முழுக்கக் கேட்டாள். அப்புறம் கேட்டாள்:

“அதுல அவுக மொகம் தெரியுமா டீச்சரம்மா?”

“தெரியும். நல்லாத் தெரியும்.”

“நீங்க பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“எத்தன தடவ?”

ஐம்பது தடவை என்று எப்படிச் சொல்வேன்?

அவள் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். “நான் கடைசியா ஒரு தடவகூட அந்த மொகத்தப் பாக்கல. நான் பாக்காதத ஊரு பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா.”

அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்து வந்தேன்.

மாஸ்டரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஹார்மோனியத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில், “அந்தப் பொண்ணு பாக்காம வேற யாரும் பாக்கப்படாது” என்றார். “இத்தா முடியட்டும்.”

“முதலாளி வர்றாரே மாஸ்டர்?”

“வந்துட்டுப் போறாரு.”

“பிலிம் அறுந்துபோச்சா?”

நாடகம் குறித்த நாளில் நடந்தது. சந்தைத் திடலில் கொட்டகை போட்டிருந்தோம். மற்றக் கடல் காட்சிகள் எல்லாம் துணியில் ஓடின. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கடைசிக் கட்டம் வந்தது. புருஷன் கரையேறி வர வேண்டிய இடம். நான் மேடையின் ஓரத்தில், சபைக்கு முதுகைக் காட்டி, துணியைப் பார்த்தபடி நின்றேன்.

துணியில் வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. வேறு ஒன்றும் இல்லை. வாத்தியங்கள் மட்டும் ஒலித்தன. மீராசாவின் நடை எனக்குத் தெரியும் என்பதால், அவர் குதித்ததும், தண்ணீரில் கால் இழுத்ததும், மணலுக்கு வந்ததும் எனக்குக் கேட்டது. தெரியாதவர்களுக்கு என்ன கேட்டிருக்கும்? பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

நாடகம் முடிந்ததும் முதலாளி மாஸ்டரின் தோளைத் தட்டினார். “நல்லாத்தான்யா போச்சு. கடைசியில என்ன, பிலிம் அறுந்துபோச்சா?”

மாஸ்டர் காரணம் சொல்லவில்லை. “ஆமாங்க” என்றார். காரில் அவருடைய குழந்தைகள் தூங்கிவிட்டிருந்தன. கார் கிழக்கே போனது. அப்புறம் அவரிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

நான்தான் அழுதேன். கிளாரினெட்காரர் மாஸ்டரைத் திட்டவே செய்தார், “ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னா?” என்று. மாஸ்டர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கம்பளி கட்டிய ஜன்னல்கள்

இத்தா முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாத்துமுத்து வந்தாள். மாமனார்தான் வாடகை வண்டியில் அழைத்து வந்தார். நானே வருந்தி வருந்திக் கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்ததே பெரிது. வகுப்பறைக்குள் வரமாட்டேன் என்று சொல்லி, வெளியே வேப்பமரத்து நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நாங்கள் மூன்று பேர். பாத்துமுத்துவும் நானும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில். படம் காட்டும் மெஷினை ஓடவிட்டு மாஸ்டர் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். நாலு வாத்தியத்துக்கு எழுதியதை ஒரே வாத்தியத்தில் அடக்கி வாரக்கணக்கில் பழகியிருந்தார். அவளுக்காகவே என்று நினைக்கிறேன்.

பாய் தெரிந்தது. ஹார்மோனியம் தொடங்கியது. மீராசா குதித்தார்.

பாத்துமுத்து என் காதருகே குனிந்தாள். “டீச்சரம்மா, அவர கோவிச்சுக்கிறவேணாம்னு சொல்லுங்க. அந்தப் பொட்டிய நிறுத்தச் சொல்லுறீகளா? அவுக வர்ற சத்தம் எனக்குக் கேக்கல.”

படத்தில் ஏது சத்தம்? ஆனாலும் நான் சொன்னேன். மாஸ்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். எடுத்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

மெஷின் ஓடுகிற டிக்டிக் சத்தம் மட்டும். மீராசா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்து வந்தார்.

நாடகத்துக்கு வேண்டாமென்று வெட்டிய மற்ற இரண்டு தடவைகளையும் மாஸ்டர் கடைசியில் ஒட்டி வைத்திருந்தார். அதனால் மீராசா மூன்று முறை கரையேறினார். ஒரு முறை மூட்டை நழுவியது. இன்னொரு முறை, கரைக்குக் கிட்டத்தில் வந்ததும், எங்களைப் பார்த்து வாயசைத்து ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாக?” என்று பாத்துமுத்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நீங்க அங்கனதான நின்னீக?”

நின்றேன். அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அந்தக் கருவாட்டுப் பேச்சு அல்ல, அது கேமரா நின்ற பிறகு சொன்னது. சிரித்தது நினைவிருக்கிறது. சொன்னது நினைவில் இல்லை. எவ்வளவோ முட்டிப் பார்த்தேன், வரவில்லை. மாஸ்டருக்கும் தெரியவில்லை, அவர் அப்போது கேமராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

“ஞாபகமில்ல பாத்துமுத்து.”

“போகட்டும். சிரிச்சுக்கிட்டுதான் சொல்றாக. கோவமா ஒண்ணும் சொல்லல” என்றாள்.

முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போனவள் நின்று, மாஸ்டர் பக்கம் திரும்பாமலே, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“நான் பாத்தாச்சு. இனி ஊரு பாக்கட்டும்.”

திடலில் மறுபடியும்

மருமகளே சொன்ன பிறகு வாப்பாவும் தடுக்கவில்லை. அடுத்த மாதமே அதே திடலில் நாடகத்தை மறுபடி போட்டோம். மதராசிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் கடற்கரை ஊர்க்காரர்கள் இரண்டு லாரி நிறைய வந்து இறங்கினார்கள். மீராசாவோடு தோணியில் போனவர்கள், கூடப் பிறந்தவர்கள், அக்கம்பக்கத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் வாப்பாவும் வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டோம். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்பு மாஸ்டர் வாத்தியக்காரர்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டுவதை மேடையிலிருந்து பார்த்தேன். அவர் மாதக்கணக்கில் எண்ணி எண்ணி எழுதிய இசையில் ஒரு சுரம்கூட அன்றைக்கு வாசிக்கப்படவில்லை.

நான் திரும்பித் துணியைப் பார்த்து நின்றேன். சபை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. துணியில் பாய் இறங்கியது. மீராசா குதித்தார். கொட்டகைக்குள் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை.

திடீரென்று எனக்குப் பின்னால் ஒருவர் அடித்தொண்டையில் கூப்பிட்டார்:

“ஏலே மீராசா!”

அவ்வளவுதான். தோணிக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “வாடா… வாடா மச்சான்…” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மெஷின் சபைக்குப் பின்னால் இருந்ததால் எழுந்தவர்களின் தலை நிழல்கள் துணியில் விழுந்தன. அந்த நிழல்களுக்குள் மீராசாவின் முகம் மறைந்துபோனது.

அப்போது முன்வரிசையிலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது. கத்தவில்லை, சாதாரணமாக, வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளை விலக்குவதுபோலச் சொன்னார்.

“உக்காருங்கப்பா. மறைக்காதீக. எம்மகன் வாரான்.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.